எலும்பை அறுத்த சங்கிலி கருவைக்காட்டுக்கு வந்த கதை

காரைக்கால் பக்கத்தில் தரிசாகக் கிடக்கும் நிலத்தை மீட்க நினைக்கிறவருக்கு முதல் தடை கருவை. கடலோர உப்புமண்ணிலும், வாய்க்கால் கரையிலும், சில வருஷங்கள் உழவு காணாத வயலிலும் சீமைக்கருவேலம் ஆள் நுழைய முடியாதபடி அடைத்துக்கொண்டு நிற்கும். அரிவாளும் கோடரியும் மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் வேலை முடிய மாதக்கணக்காகும். ஆகவே மரம் அறுக்கும் மெஷின் வாங்கக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் கேட்பது இரண்டே கேள்விதான்: "எத்தனை சிசி பாக்குறீங்க? பார் எத்தனை இன்ச்?" பிறகு விலை பேசி முடித்துவிடுகிறார்கள்.

செயின் சா எனப்படும் அந்த மெஷினின் பூர்வீகம் தெரிந்திருந்தால் கண் வேறு இடங்களுக்கும் போகும். செயின் பல்லின் வளைவு, கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் ஸ்பிரிங், முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் பிளாஸ்டிக் தடுப்பு ஆகிய மூன்றும் தற்செயலாலோ, யாரோ பட்ட காயத்தாலோ கருவிக்குள் வந்து சேர்ந்தவை. மலிவுப் பிரதிகளில் கைவிடப்படுவதும் பெரும்பாலும் இவைதான்.

கதை தொடங்குவது காட்டில் அல்ல, பிரசவ அறையில். தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை 1739-ல் பெற்றார்கள். ஏறக்குறைய 40 வருஷம் கழித்து, 1777-ல், அவர்களுடைய பாரிஸ் நகரில் ழான் ரெனே சிகோ என்ற மருத்துவர் துணிச்சலான ஒரு சிகிச்சையைச் செய்தார். குழந்தை வெளிவர முடியாமல் சிக்கிக்கொண்டபோது, தாயின் இடுப்பெலும்பு முன்புறம் சேரும் இணைப்பை வெட்டி வழியை அகலப்படுத்தினார். சிசேரியன் என்றால் தாய் பிழைப்பதே அரிது என்றிருந்த காலம் அது. தாயும் பிழைத்தார், பிள்ளையும் பிழைத்தது. செய்தி ஐரோப்பா முழுவதும் பரவியது.

மயக்க மருந்து கிடையாது. அதற்கு இன்னும் எழுபது வருஷம் இருந்தது. எலும்பு இறுகிப்போயிருந்தால் கத்தி இறங்காது. சாதாரண ரம்பத்தை அந்தக் குறுகிய இடத்தில் முன்னும் பின்னும் தள்ளினால் பக்கத்துத் தசையெல்லாம் கிழியும். ஸ்காட்லாந்தில் இரண்டு மருத்துவர்களுக்கு இதற்கு ஒரே வழி தோன்றியது. எடின்பரோவைச் சேர்ந்த ஜான் எய்ட்கென் 1785-ல் வெளியிட்ட மகப்பேறு நூலில் வளையும் ரம்பம் ஒன்றைப் படம் போட்டுக் காட்டினார். கிளாஸ்கோவில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் அதே வகைக் கருவியைச் செய்வித்தார். கடிகாரச் சங்கிலி அளவுக்கு மெல்லிய கண்ணிகள், ஒரு பக்கத்தில் பல், இரு முனையிலும் கைப்பிடி. எலும்புக்குப் பின்னால் நுழைத்து எடுத்து, இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்தால் எலும்பு மட்டும் அறுபடும். நோயால் அரித்துப்போன மூட்டுகளை வெட்டியெடுக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள்.

இந்த ஜெஃப்ரேதான் 1818-ல் கிளாஸ்கோவில், தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் உடலில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் சோதனையை வேதியியலாளர் ஆண்ட்ரூ யூருடன் சேர்ந்து ஊரார் முன்னிலையில் நடத்தியவர். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கென்ஸ்டைன்' நாவல் வெளிவந்ததும் அதே வருஷம்தான்.

சங்கிலிக்கு அடுத்த உருவம் ஜெர்மனியில் கிடைத்தது. வூர்ட்ஸ்பர்க் நகரில் மருத்துவக் கருவிகள் செய்துவந்த பெர்ன்ஹார்ட் ஹைனே, 1830 வாக்கில் சங்கிலியின் இரு முனைகளையும் இணைத்து, ஒரு தட்டையான இரும்புத் தகட்டைச் சுற்றி ஓடவிட்டார். பக்கவாட்டில் ஒரு கைச்சுழற்றி. அதைச் சுற்றினால் பல் ஓடும், தகடு வழிகாட்டும். இன்றைக்குக் கடையில் இன்ச் கணக்கில் கேட்கிறோமே, அந்த பாரின் மூதாதை இந்தத் தகடுதான். செய்வதற்குக் கடினம், விலையும் அதிகம். 1894-ல் லியனார்டோ ஜீல்யி என்ற இத்தாலிய மகப்பேறு மருத்துவர் முறுக்கிய கம்பி ஒன்றையே ரம்பமாக்கிவிட்டார். மலிவாகவும் எளிதாகவும் இருந்ததால் அந்தக் கம்பி அறுவைக்கூடங்களில் நிலைத்தது. சங்கிலி ரம்பத்துக்கு அங்கே வேலை குறைந்தது.

இதற்கிடையில், அறுக்கும் கருவிக்கு முன்பாகவே அறுபடவேண்டிய மரம் இங்கே வந்துவிட்டது. சென்னை மாகாணத்தின் வனத்துறைத் தலைவராக இருந்தவர் கர்னல் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேடயவால் பாம்புகளில் பலவற்றை முதன்முதலில் விவரித்தவரும் அவர்தான். விறகுப் பஞ்சத்துக்கும் வறண்ட நிலத்துக்கும் மருந்தாக சீமைக்கருவேல விதை வேண்டும் என்று 1876-ல் அவர் கேட்டு எழுத, ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பை மாவட்டத்தின் கமலாபுரம் பகுதியில் விதைத்தார்கள். இந்த மரம் சுதந்திரத்துக்குப் பிறகுதான் நம் பக்கம் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். அப்போது நடந்தது விதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தூவிய வேலை. மரம் வந்து அதற்குள் பல தலைமுறை ஆகியிருந்தது. ஆடும் மாடும் நெற்றைத் தின்றன, விதை சாணத்தோடு போய் எங்கெங்கோ முளைத்தது. கடலோர உப்பும் அதைத் தடுக்கவில்லை.

மரத்துக்கான சங்கிலி ரம்பம் கலிஃபோர்னியாவில், செம்மரங்களின் நாட்டில் தலைகாட்டியது. நம் ஊர்ச் செஞ்சந்தனத்தை நினைத்துவிட வேண்டாம். ரெட்வுட் எனப்படும் அந்த மரங்கள் முந்நூறு அடிக்கு மேல் வளரும். அவற்றை வீழ்த்துவதற்காக சான்பிரான்சிஸ்கோவின் சாமுவேல் பென்ஸ் முடிவில்லாமல் சுற்றும் சங்கிலி ரம்பத்துக்கு 1905-ல் காப்புரிமை பெற்றார். மருத்துவர்களின் கருவியைப் பார்த்துத்தான் மரக்காரர்கள் இதைச் செய்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குறுகிய இடத்தில் ஒரே திசையில் ஓடும் பல் வேண்டும் என்ற தேவை இரண்டு இடத்திலும் இருந்தது, விடையும் ஒன்றாகவே அமைந்தது.

வேலை செய்யும் மெஷின் மறுபடியும் ஜெர்மனியிலிருந்துதான் வந்தது. சூரிக்கில் பிறந்து ஸ்டுட்கார்ட்டில் தொழில் நடத்திய ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926-ல் செய்த முதல் சங்கிலி ரம்பம் மின்சாரத்தில் ஓடியது. மறுவருஷம் எமில் லெர்ப் தன்னுடைய பெட்ரோல் ரம்பத்தை துரிங்கியாவின் டோல்மார் மலையில் சோதித்துப் பார்த்தார். அந்த மலையின் பெயரே அவர் நிறுவனத்துக்கு டோல்மார் என்று நிலைத்தது. 1929-ல் ஷ்டீலும் பெட்ரோல் மெஷின் கொண்டுவந்தார். எடை 46 கிலோ, இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நம் ஊரில் இரண்டு பேர் இழுத்த பெரிய ரம்பத்தின் இடத்தில் இரண்டு பேர் தூக்கிய என்ஜின் வந்தது, அவ்வளவுதான். ஆனாலும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் அது விற்றது.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஜெர்மன் சரக்கு நின்றது. வான்கூவரிலும் சியாட்டிலிலும் மரத்தொழில் நிற்க முடியாது. போருக்கே மரம் வேண்டியிருந்தது. கையிலிருந்த ஜெர்மன் மெஷின்களைப் பிரித்துப் பார்த்து அங்கிருந்த பட்டறைகள் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தன. எதிரி நாட்டுக் காப்புரிமைகளை அமெரிக்க அரசு தன் வசம் எடுத்துக்கொண்டிருந்ததால் அப்படிச் செய்வதற்குத் தடையும் இல்லை. இன்றைக்குச் சீனப் பிரதி என்று முகம் சுளிக்கிறோம். இந்தக் கருவி உலகம் சுற்றியதே பிரதி எடுத்தவர்களால்தான். ஷ்டீலோ நாஜிக் கட்சியிலும் எஸ்.எஸ். அமைப்பிலும் உறுப்பினராக இருந்தவர். போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் அவரைச் சிறைவைத்தார்கள். 1948-ல்தான் வெளியே வந்தார்.

அதுவரை செயினின் பல் கைரம்பத்தின் பல்லைப் போலவே இருந்தது. மரத்தைக் கீறும், சுரண்டும், சீக்கிரம் மழுங்கும். அரம் போட்டே பாதி நாள் போய்விடும். 1946 இலையுதிர் காலத்தில் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்ற மரவெட்டி, அடிமரம் ஒன்றில் விரல் பருமனுள்ள ஒரு புழு மரத்தைக் குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். மரவண்டின் புழு அது. மர இழையின் போக்கைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே வேகத்தில் போனது. அதன் தாடைகள் வளைந்திருந்தன. ஒன்று இடப்பக்கம் வெட்ட, மற்றது வலப்பக்கம் வெட்டியது. காக்ஸ் அதே வளைவை எஃகில் செய்தார், இடது பல்லும் வலது பல்லும் மாறி மாறி வரும்படி கோத்தார். 1947-ல் போர்ட்லாண்ட் வீட்டின் நிலவறையில் தொடங்கிய அவருடைய தொழில்தான் பின்னால் ஆரிகன் என்ற பெயரில் உலகமெங்கும் செயின் விற்கும் நிறுவனமானது. நாகப்பட்டினத்தில் ஓடும் செயினானாலும் நார்வேயில் ஓடும் செயினானாலும் அநேகமாக அந்தப் புழுவின் தாடைதான். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பொறியியல் படிக்காத ஒரு மரவெட்டி, வேலைக்கு நடுவே குனிந்து பார்த்தார் என்பதால் நடந்தது.

அடுத்து எடை குறைந்தது. பழைய கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணம் இருந்ததால் மெஷினைச் சாய்த்தால் என்ஜின் நின்றுவிடும். மிதவைக்குப் பதிலாக மெல்லிய ஜவ்வு வைத்த கார்புரேட்டர் வந்தபின் எப்படிச் சாய்த்தாலும் ஓடியது. அமெரிக்காவின் ராபர்ட் மெக்கல்லா 1949-ல் சுமார் 11 கிலோ எடையில் ஒரு மெஷினை விற்பனைக்கு விட்டார். மறுவருஷம் ஷ்டீலும் ஒற்றை ஆள் பிடிக்கும் பெட்ரோல் மெஷின் கொண்டுவந்தார். மெக்கல்லாவுக்குப் பணம் கொட்டியது. அரிசோனா பாலைவனத்தில் லேக் ஹவாசு என்ற புதிய நகரத்தை உருவாக்கினார். அங்கே ஆள் வரவேண்டும் என்பதற்காக, 1968-ல் லண்டன் மாநகரம் விற்பனைக்கு விட்ட லண்டன் பாலத்தையே 24,60,000 டாலர் கொடுத்து வாங்கினார். முகப்புக் கற்களுக்கு எண்ணிட்டு, கப்பலேற்றிக் கொண்டுபோய் 1971-ல் பாலத்தை அங்கே எழுப்பித் திறந்தார். இன்றும் இருக்கிறது அந்தப் பாலம்.

ஸ்வீடனின் ஹஸ்க்வர்ணா இன்னும் நீண்ட வழியில் வந்தது. 1689-ல் மன்னரின் படைக்குத் துப்பாக்கி செய்யத் தொடங்கிய பட்டறை. பிறகு தையல் மெஷின், சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று மாறி 1959-ல் செயின் சாவுக்கு வந்து சேர்ந்தது. அதே வருஷம் ஷ்டீல் நிறுவனம் கியர் இல்லாத கான்ட்ரா மாடலை வெளியிட்டது. எடை 12 கிலோ. காடு வெட்டும் வேகம் உலகமெங்கும் தலைகீழாக மாறியது.

கைகளும் மாறின. நாள் முழுவதும் அதிர்வைப் பிடித்திருந்த தொழிலாளர்களின் விரல்கள் குளிரில் ரத்தம் வற்றி வெள்ளையாகின, மரத்துப்போயின. சட்டை பட்டன் போடக்கூட முடியவில்லை. 1960-களில் ஜப்பானின் அரசுக் காடுகளில் இது பெரிய தொழிலாளர் பிரச்சினையாக வெடித்து, தொழில்நோயாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு நாளில் மெஷின் பிடிக்கும் நேரத்தை இரண்டு மணிக்குள் அடக்கவேண்டியதாயிற்று. என்ஜினையும் கைப்பிடியையும் ரப்பராலோ ஸ்பிரிங்காலோ பிரித்து வைக்கும் ஏற்பாடு இதற்குப் பின்தான் பரவியது. மெஷின் பார்க்கும்போது கைப்பிடியைப் பிடித்து லேசாக அசைக்க வேண்டும். என்ஜின் தனியாகச் சற்று ஆடினால் நல்லது. இரண்டும் ஒரே கட்டையாக இறுகியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பி வைத்துவிடலாம்.

இன்னொரு ஆபத்து பாரின் நுனியில் இருந்தது. ஓடும் செயினின் மேல்முனை இன்னொரு கிளையில் பட்டுவிட்டால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் மேலே எகிறி, பிடித்திருப்பவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். பலர் மாண்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஷ்டீல், ஹஸ்க்வர்ணா இரண்டும் செயின் பிரேக்கைக் கொண்டுவந்தன. மெஷின் எகிறும்போது முன்னால் இருக்கும் தடுப்பு முன்னோக்கித் தள்ளப்படும், அந்த நொடியே செயின் நிற்கும். கருவை வெட்டுகிறவருக்கு இதைவிட முக்கியமான உறுப்பு கிடையாது. தேக்கு போல ஒரே தண்டாக நிற்கும் மரமில்லை அது. அடியிலிருந்தே ஐந்தாறு கிளை பிரிந்து, ஒன்றையொன்று பின்னி வளரும். ஒரு கிளையில் கவனம் வைத்து அறுக்கும்போது பாரின் நுனி கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றில் இடிப்பது சகஜம்.

மெஷின் மலிந்த இடத்தில் காடு எதிர்த்து நின்றதையும் சொல்ல வேண்டும். பிரேசிலின் அமேசானில் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்கள், சிக்கோ மெண்டஸ் போன்றோர் தலைமையில், செயின் சா ஏந்தி வந்தவர்களுக்கு முன்னால் குடும்பத்தோடு போய் நின்று காட்டைக் காத்தார்கள். மெண்டஸ் 1988 டிசம்பர் 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பிலிப்பைன்ஸ் 2002-ல் செயின் சாவுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, பதிவில்லாமல் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. இலங்கையிலும் 2019-ல், வைத்திருப்பவர்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது.

நம் கடற்கரையில் இந்தக் கருவியைப் பெருவாரியான ஜனங்கள் பார்த்தது புயல் நாட்களில். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் அடித்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. காரைக்காலிலும் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன, தெற்கே தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகப் படுத்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் பெட்ரோல் மெஷின்களோடு சாலையைத் திறந்தபோது, கோடரி அரைநாள் கேட்கும் மரம் சில நிமிஷத்தில் துண்டாவதை ஊரே நின்று பார்த்தது. வாடகைக்கு மெஷின் கேட்டு அலைந்தவர்களில் பலர் பிறகு சொந்தமாகவே வாங்கினார்கள். தென்னைதான் செயினுக்கு எமன் என்பதையும் அப்போதுதான் கற்றார்கள். அதன் வெளிவட்டம் கெட்டி, மணல்சத்து கலந்தது. நல்ல செயினையும் சீக்கிரம் மழுக்கிவிடும்.

வாங்கியவற்றில் பெரும்பகுதி சீனத் தயாரிப்பு. "58 சிசி, 22 இன்ச்" என்று அட்டையில் அச்சிட்டு, பல பெயர்களில் பல நிறங்களில் வரும் அந்த மெஷின்களின் மூலவடிவம் ஜப்பானின் செனோவா நிறுவனத்தினுடையது. நல்ல வடிவம் என்பதால்தான் பிரதி எடுத்தார்கள். அந்த செனோவாவையே 2007-ல் ஹஸ்க்வர்ணா வாங்கிவிட்டது. பிரதிகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றால் ஒரு பெரிய நன்மை உண்டு. உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரிப்பார். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் சிசி பலவற்றில் உள்ளே இருப்பதில்லை. பிரேக் பெயருக்கு இருக்கும், ஸ்பிரிங் கெட்டியாக இருக்கும். கடையிலேயே மெஷினை ஓடவிட்டு, கையை எடுக்காமல் மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். செயின் அந்த நொடியே நிற்காவிட்டால் வேண்டாம்.

கருவைக்கு 22 இன்ச் பாரும் தேவையில்லை. நம் பக்கத்துக் கருவைத் தண்டுகள் பெரும்பாலும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் பருமன்தான். 35-லிருந்து 45 சிசி, 14 அல்லது 16 இன்ச் பார் தாராளம். எடை ஐந்து கிலோவை ஒட்டி நின்றுவிடும், சாயங்காலம் வரை கை தாங்கும். நீளமான பார் முள்புதருக்குள் நுனியில் இடிக்கும் வாய்ப்பை அதிகமாக்கும். சாய்ந்த தூங்குமூஞ்சி மரம், பழைய புளி என்று கனத்த அடிமரம் இருந்தால் அதற்குப் பெரிய மெஷின் வைத்திருப்பவரை ஒரு நாள் கூப்பிட்டுக்கொள்வது லாபம்.

பெட்ரோல் நாகப்பட்டினத்தைவிடக் காரைக்காலில் மலிவு என்பதால் கன்னாஸில் நிரப்பி மாதக்கணக்கில் வைத்துவிடுகிறார்கள். அது கூடாது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. கடலோர ஈரத்தை அது இழுக்கும், கார்புரேட்டரின் ஜவ்வைக் கெடுக்கும். நிறுவனம் சொன்ன அளவில் 2 ஸ்ட்ரோக் ஆயில் கலந்து, அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்குவதையும் விட்டுவிட வேண்டும். கெட்டியான கால்சட்டை, முள் ஏறாத பூட்ஸ், கண்ணுக்கு வலை வைத்த ஹெல்மெட் மூன்றும் மெஷினோடு சேர்த்து வாங்கவேண்டியவை.

தரைமட்டத்தில் அறுத்துவிட்டால் கருவை ஒழிந்தது என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்றம். அதன் மொட்டுகள் மண்ணுக்குக் கீழே தூரில் இருக்கின்றன. ஒரு மழை பெய்தால் வெட்டிய இடத்தில் பத்துத் தளிர் கிளம்பும். மெஷினை மண்ணில் இறக்கித் தூரை அறுக்கவும் முடியாது; மணல் பட்ட செயின் சில நொடியில் மழுங்கிவிடும். அரிவாளால் முள்ளைக் கழித்துக் கவைக்கம்பால் ஒதுக்கிய பிறகு முழங்கால் உயரத்தில் மெஷினால் அறுத்து, மிச்சம் நிற்கும் கட்டையை ஜேசிபியால் தூரோடு பெயர்த்தெடுப்பதே சரியான வரிசை. அறுத்த கட்டை நல்ல விறகு, நல்ல கரி, வாங்க ஆள் வருவார்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஜேசிபி இந்த மண்ணில் இறங்காது. புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

கடையை விட்டுக் கிளம்புமுன் ஓர் உருண்டை அரம் கேட்டு வாங்க வேண்டும். காக்ஸின் பல் வளைந்தது, தட்டை அரம் அதைக் கெடுத்துவிடும். சின்ன மெஷின்களில் வரும் மெல்லிய 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர், .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர். தவிடு போல மெல்லிய தூளாக விழ ஆரம்பித்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போதே மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்து, எல்லா இடது பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போட்டு, திருப்பி வைத்து வலது பல்லுக்கும் அதே எண்ணிக்கையில் போட்டு முடித்த பிறகே அடுத்த கருவைக்குப் போக வேண்டும்.